எல்லாம் சேர்ந்தே விழும் என்றால் வெளிநாட்டுப் பங்கு எதற்கு?

கேள்வி: பல நாடுகளில் பணத்தைப் பிரித்துப் போடு என்கிறார்கள். 2008-ல் எல்லா நாடும் விழுந்தது. 2020 மார்ச்சிலும் அப்படித்தான். சேர்ந்தே விழுகிற பங்குகளை நாடு நாடாக வாங்கி வைத்து என்ன பயன்? வெளிநாட்டு வருமானம்தான் வேண்டுமென்றால் உள்நாட்டுச் சந்தையிலேயே பன்னாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. நாணய மாற்றுத் தொல்லை, வரித் தொல்லை எதுவும் இல்லாமல் அவற்றையே வாங்கிவிட்டுப் போகலாமே?

பிப்ரவரி 3

கேள்வியின் முதல் பாதி சரி. 1987 அக்டோபரில், ஆராயப்பட்ட 23 சந்தைகளில் 19 சந்தைகள் அந்த ஒரே மாதத்தில் 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தன. 2008-ல் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 (பெரிய நிறுவனங்கள் ஐந்நூறின் பங்கு விலைக் குறியீடு) டிவிடெண்டையும் சேர்த்து 37 சதவீதம் விழுந்தது. வளரும் சந்தைகள் இனி தனிப் பாதையில் போகும் என்று அதற்கு முந்தைய ஆண்டு வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அவை பாதிக்கு மேல் கரைந்தன. பீதி வரும்போது எல்லோரும் கைக்குக் கிடைத்ததை விற்றுப் பணமாக்கப் பார்க்கிறார்கள். எந்த நாட்டுப் பங்கு என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை. ஆகவே, திடீர்ச் சரிவிலிருந்து காப்பாற்றும் என்று சொல்லி வெளிநாட்டு ஃபண்டை விற்க வருபவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஆனால் நீங்கள் மாதக் கணக்கில் பார்க்கிறீர்கள். நாம் பணம் போடுவது இருபது, முப்பது ஆண்டுக்கு. 1989 டிசம்பர் 29 அன்று ஜப்பானின் நிக்கேய் குறியீடு 38,915-ல் முடிந்தது. அப்போது உலகிலேயே மதிப்பில் பெரிய பங்குச் சந்தை ஜப்பானுடையதுதான், அமெரிக்காவைவிடப் பெரிது. அந்த எண்ணை நிக்கேய் மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரி 22-ல். நடுவில் 2009 மார்ச்சில் 7,054 வரை இறங்கியது. முப்பத்தைந்து வயதில் மொத்தப் பணத்தையும் போட்டவர் எழுபதை நெருங்கும்போதுதான் போட்ட எண்ணைத் திரும்பப் பார்த்திருப்பார். அந்த முப்பத்து நான்கு ஆண்டும் மற்ற நாடுகள் சேர்ந்தே விழுந்துகொண்டா இருந்தன?

பிப்ரவரி 3, இரவு

ஜப்பான் கதை பொதுவாகக் கொஞ்சம் மிகையாகவே சொல்லப்படுகிறது. உச்சியில், ஒரே நாளில், எல்லாவற்றையும் போட்டவரின் கணக்கு அது. டிவிடெண்டை மறுபடி போட்டுவந்தவர் சில ஆண்டு முன்பே மீண்டுவிட்டார். மாதாமாதம் போட்டவர் 8,000-லும் 10,000-லும்கூட வாங்கியிருப்பார். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், உழைக்கும் காலத்தில் பெரும்பகுதி ஒரே நாட்டில் மாட்டிக்கொண்டு போனது போனதுதான்.

பிப்ரவரி 5

“ஜப்பான் ஒரு குமிழி, அது விதிவிலக்கு. அமெரிக்காவில் அப்படி நடக்காது” என்று ஒருவர்.

1999 கடைசி நாளில் எஸ் அண்ட் பி 500 1,469. 2009 கடைசி நாளில் 1,115. பத்து ஆண்டு டிவிடெண்டைச் சேர்த்தாலும் நஷ்டம். பணவீக்கத்தைக் கழித்தால் சொல்லவே வேண்டாம். அதே பத்தாண்டில், எம்எஸ்சிஐ என்ற நிறுவனம் கணக்கிடும் வளரும் சந்தைக் குறியீடு டிவிடெண்டோடு டாலரில் சுமார் இரண்டரை மடங்கானது. 2008-ன் அடியையும் வாங்கிக்கொண்டு!

அடுத்த பத்தாண்டு, 2010 முதல் 2019 வரை, அப்படியே தலைகீழ். அமெரிக்கா மூன்றரை மடங்கு. வளரும் சந்தைகள் ஒன்றரை மடங்கைக்கூடத் தொடவில்லை.

2009 முடிவில் போய் யாரையாவது கேட்டிருந்தால் “எதிர்காலம் வளரும் நாடுகளுக்கு” என்றிருப்பார்கள். 2019 முடிவில் கேட்டிருந்தால் “அமெரிக்காவைத் தவிர வேறெதையும் தொடாதே” என்றிருப்பார்கள். இரண்டு பேச்சும் முடிந்துபோன பத்தாண்டைப் பார்த்துப் பேசிய பேச்சு.

பிப்ரவரி 6

அந்த இரண்டாவது பத்தாண்டு முழுக்க நான் ஒரு வளரும் சந்தை ஃபண்டை வைத்திருந்தேன். படிக்கும்போது இரண்டு வரியில் முடிகிறது; வைத்திருக்கும்போது அப்படியில்லை. ஒவ்வொரு ஆண்டும் கணக்கைத் திறந்தால் மற்ற வரிசைகள் எல்லாம் நகர்ந்திருக்கும், இது மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். “இதை எதற்கு இன்னும் வைத்திருக்கிறாய்?” என்று வீட்டில் கேட்டால் சொல்லப் பதில் இருக்கும், ஆனால் சொல்லும்போது குரலில் உறுதி இருக்காது.

விற்காமல் இருந்ததற்குக் காரணம் பெரிய ஞானமெல்லாம் இல்லை. விற்றால் படிவம் நிரப்ப வேண்டும், வரி கணக்குப் பார்க்க வேண்டும் என்ற சோம்பல். நீண்டகால முதலீட்டில் சோம்பலுக்கு உரிய மரியாதையை யாரும் தருவதில்லை.

பிப்ரவரி 9

இப்போது கேள்வியின் இரண்டாவது பாதி: உள்நாட்டில் பட்டியலிட்ட பன்னாட்டு நிறுவனங்கள் போதாதா?

இதற்கு நெதர்லாந்தின் ராயல் டச், பிரிட்டனின் ஷெல் என்ற எண்ணெய் நிறுவன ஜோடியைவிட நல்ல சோதனை கிடைக்காது. 1907-ல் இரண்டும் 60:40 என்ற கணக்கில் தொழிலை ஒன்றாக்கிக்கொண்டன. சட்டப்படி இரண்டு நிறுவனம். தொழில் ஒன்று, லாபம் ஒன்று. அப்படியானால் ராயல் டச்சின் மொத்தச் சந்தை மதிப்பு ஷெல்லின் மதிப்பைப்போல் எப்போதும் சரியாக ஒன்றரை மடங்கு இருந்தாக வேண்டும். இருந்ததில்லை. ஃப்ரூட், டபோரா என்ற இரு பொருளியலாளர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் அந்த விகிதம் 35 சதவீதம் வரை விலகிப் போயிருந்ததைக் காட்டினார்கள். அமெரிக்கச் சந்தை ஏறினால் அங்கே அதிகம் கைமாறிய ராயல் டச் சேர்ந்து ஏறும். லண்டன் ஏறினால் ஷெல் ஏறும். அதே எண்ணெய்க் கிணறுகள்தான், ஆனால் விலை போடுகிற கூட்டம் வேறு. 2005-ல் இரண்டையும் ஒரே நிறுவனமாக்கிய பிறகுதான் இந்தக் கூத்து முடிந்தது.

லாபம் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு விஷயம். பங்கு எங்கே கைமாறுகிறது, யார் கையில் இருக்கிறது என்பது இன்னொன்று. உள்நாட்டு முதலீட்டாளர்கள் எல்லோரும் பயந்து விற்கிற நாளில் உங்கள் பன்னாட்டு நிறுவனப் பங்கையும் சேர்த்தேதான் விற்பார்கள்.

ஒன்றும் இல்லாததற்கு அது மேல், ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டு வருமானம் உள்ள நிறுவனம், உள்நாட்டுப் பொருளாதாரம் பல ஆண்டு படுத்துக் கிடந்தாலும் சம்பாதித்துக்கொண்டிருக்கும். ஆனால் வரி, சட்டம், மூலதனக் கட்டுப்பாடு என்று சொந்த நாட்டு அரசாங்கம் கைவைத்தால் அதற்கு அங்கே மருந்து இல்லை.

பிப்ரவரி 10

நாணய மாற்றைத் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி நேரம் அதுதான் மருந்து.

2015 ஜனவரி 15. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகாது என்று 2011-லிருந்து பிடித்துவைத்திருந்த வரம்பை சுவிஸ் மத்திய வங்கி முன்னறிவிப்பில்லாமல் கைவிட்டது. பிராங்க் துள்ளி எழுந்தது. ஏற்றுமதி நிறுவனங்கள் நிறைந்த சுவிஸ் சந்தை அன்றே சுமார் 8.7 சதவீதம் விழுந்தது. தலைப்புச் செய்தி: சுவிஸ் பங்குகள் பலத்த அடி.

100 பிராங்குக்குப் பங்கு வைத்திருந்த யூரோக்காரரின் கணக்கைப் போடுங்கள். முந்தைய நாள் அதன் மதிப்பு 83 யூரோ. அன்று மாலை பங்கு 91 பிராங்க். பிராங்கும் யூரோவும் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. ஆக 91 யூரோ. அதே பங்கு, அதே நாள். சூரிச்சில் இருந்தவருக்கு அடி, எல்லைக்கு அந்தப் பக்கம் யூரோவில் கணக்குப் பார்த்தவருக்கு 9 சதவீதத்துக்கு மேல் லாபம்.

எதிர்த்திசையில் துருக்கி. 2021-ல் இஸ்தான்புல் சந்தையின் பிஸ்ட் 100 குறியீடு லிராவில் 26 சதவீதம் ஏறியது. டாலரில் பார்த்தவருக்குச் சுமார் 30 சதவீத நஷ்டம். எந்த நாட்டுச் சந்தை “ஏறியது” என்று யாராவது சொன்னால் எந்தப் பணத்தில் என்று கேளுங்கள்.

பிப்ரவரி 10, கொஞ்சம் கழித்து

இதோடு சேர்த்து முதல் குறிப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்தே விழும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அது அந்தந்தச் சந்தையின் எண்களை அப்படியே வைத்துப் பார்த்தால். உலக நெருக்கடியில் பணம் டாலருக்கும் யென்னுக்கும் ஓடும் வழக்கம் இருக்கிறது. 2008-ல் இரண்டும் ஏறின. உங்கள் சொந்த நாணயம் அந்தச் சமயத்தில் பலவீனமாகும் வகையைச் சேர்ந்ததென்றால், டாலரில் விழுந்த பங்கு உங்கள் பணத்தில் அவ்வளவு விழாது. சொந்த நாணயமே டாலராக இருப்பவருக்கு இந்த மெத்தை கிடையாது. அவருக்கு வெளிநாட்டுப் பங்கு இன்னும் கொஞ்சம் ஆழமாக விழும். ஒரே கேள்விக்கு இரண்டு பேருக்கு இரண்டு பதில்.

ஹெட்ஜ் செய்த (நாணய மாற்றின் ஏற்ற இறக்கம் பாதிக்காதபடி ஏற்பாடு செய்த) ஃபண்டு வாங்கலாமா என்று கேட்டவருக்கு: பத்திரத்துக்கு வாங்கலாம், பங்குக்கு நான் வாங்குவதில்லை. அந்த மெத்தையைக் காசு கொடுத்துக் கழற்றுவானேன்?

பிப்ரவரி 12

ஒருவர் டோக்கியோ, நியூயார்க் தினசரி விலைகளை வைத்து ஒட்டுறவுக் கணக்கு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற கணக்கு) போட்டு, “பாருங்கள், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை” என்று அட்டவணை ஒட்டியிருக்கிறார். நியூயார்க் திறக்கும்போது டோக்கியோ மூடிப் பல மணி நேரம் ஆகியிருக்கும். நியூயார்க்கில் திங்கட்கிழமை நடந்தது டோக்கியோவில் செவ்வாய்க்கிழமை தெரியும். நாளுக்கு நாள் வைத்துப் பார்த்தால் சம்பந்தம் இல்லாததுபோலத்தான் வரும். அதே அட்டவணையை வாராந்திர விலையில் போட்டுப் பாருங்கள், மாதாந்திரத்திலும் போடுங்கள். எண் சட்டென்று மேலே போகும்.

பிப்ரவரி 14

மேலே “நாடு” என்று சொல்லிக்கொண்டே போகிறேன். அதைக் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

2000-ல் ஹெல்சிங்கி பங்குச் சந்தையின் மொத்த மதிப்பில் சுமார் 70 சதவீதம் நோக்கியா. “ஃபின்லாந்தில் முதலீடு செய்கிறேன்” என்றவர் உண்மையில் ஒரு கைபேசி நிறுவனத்தை வாங்கிக்கொண்டிருந்தார். அதனால்தான் அங்கே எந்த ஒரு நிறுவனமும் 10 சதவீதத்தைத் தாண்டாதபடி வரம்பு போட்ட இன்னொரு குறியீட்டையும் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு கனடாவின் முக்கியக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்கு நார்ட்டெல் என்ற தொலைத்தொடர்புக் கருவி நிறுவனம். அது 2009 ஜனவரியில் திவாலானது. இன்று தைவான் குறியீட்டைத் திறந்து, சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சியின் எடையைப் பாருங்கள்.

தனி நாட்டு ஃபண்டு எனக்குப் பிடிக்காது என்பதற்கு இது பாதிக் காரணம். மீதிக் காரணம் பிப்ரவரி 18-ல்.

பிப்ரவரி 15

பொழுதுபோக்காக ஒன்று. 2014 டிசம்பரில் அமெரிக்காவும் கியூபாவும் உறவைப் புதுப்பிக்கப் போவதாக அறிவித்ததும், “கியூபா” என்ற குறியெழுத்தில் வர்த்தகமான ஒரு ஃபண்டின் விலை அதன் சொத்து மதிப்பைவிட மிக உயரத்துக்குப் பாய்ந்தது. அந்த ஃபண்டில் கியூப நிறுவனப் பங்கு ஒன்றுகூட இல்லை. கியூபாவில் பங்குச் சந்தையே இல்லை.

பிப்ரவரி 18

ரஷ்யா. 2022 பிப்ரவரி 28 முதல் ஒரு மாத அளவுக்கு மாஸ்கோ சந்தையில் பங்கு வர்த்தகம் நின்றது. திறந்த பிறகும் பெரும்பாலான வெளிநாட்டவர் விற்க வழியில்லை. மார்ச் 9-ல் எம்எஸ்சிஐ ரஷ்யப் பங்குகளைத் தன் வளரும் சந்தைக் குறியீட்டிலிருந்து எடுத்தது, கிட்டத்தட்ட பூஜ்ய விலையில்.

மேலே சொன்ன அதே சோம்பல் ஃபண்டின் அடுத்த அறிக்கையில் அதைப் பார்த்தேன். லூக்காயில், ஸ்பெர்பேங்க் என்று வரிசையாகப் பெயர்கள் அப்படியே இருந்தன. பங்குகளின் எண்ணிக்கையும் இருந்தது, லட்சக்கணக்கில். மதிப்புக் கட்டத்தில் மட்டும் ஒரு சிறு கோடு. நிறுவனங்கள் எண்ணெய் எடுத்துக்கொண்டுதான் இருந்தன, வங்கி கடன் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. பங்கும் ஃபண்டின் பெயரில்தான். பணமாக்கும் வழி மட்டும் இல்லை.

முழு வளரும் சந்தை ஃபண்டில் ரஷ்யாவின் பங்கு சிறியது, முந்தைய ஆண்டு முடிவில் 4 சதவீதத்துக்கும் கீழே. கோபம் வந்தது, காயம் ஆறியது. ரஷ்யா மட்டும் உள்ள ஃபண்டை வைத்திருந்தவருக்கு எல்லாமே அந்தச் சிறு கோடுதான்.

இது புதிதுமல்ல. 1917 புரட்சியோடு ரஷ்யப் பங்குகளும், 1949-ல் சீனப் பங்குகளும் வெளிநாட்டவர் கையில் காகிதமாயின. 1998 செப்டம்பரில் மலேசியா வெளிநாட்டு முதலீட்டைப் பன்னிரண்டு மாதம் நாட்டுக்குள் பூட்டியது. பிறகு அதைத் தளர்த்தி, வெளியேற வரி என்று மாற்றியது. 2015-ல் ஏதென்ஸ் சந்தை ஐந்து வாரம் மூடிக் கிடந்தது. சந்தை விழுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம்; மூடுவதைப் பற்றிப் பேசுவதில்லை. இதில் சொந்த நாடு மட்டும் தப்பும் என்று எந்த ஒப்பந்தமும் கிடையாது.

பிப்ரவரி 21

“அப்படியானால் வேகமாக வளரும் நாடுகளாகப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறேன்.”

வேண்டாம். நிதியியல் பேராசிரியர் ஜே ரிட்டர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 1900 முதல் 2002 வரை 16 நாடுகளில் தனிநபர் வருமான வளர்ச்சிக்கும் பங்கு லாபத்துக்கும் இருந்த தொடர்பு எதிர்மறையாக வந்தது. எம்எஸ்சிஐ சீனக் குறியீடு 1992 இறுதியில் 100-ல் தொடங்கியது. 2023 இறுதியில் அதன் விலைக் குறியீடு (டிவிடெண்ட் சேராதது) 100-க்கு வெகு கீழே. அந்த முப்பது ஆண்டில் சீனப் பொருளாதாரம் எங்கிருந்து எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. நிறுவனங்கள் புதுப்புதுப் பங்காக வெளியிட்டுக்கொண்டே போனால், வளர்ச்சி புதிதாகப் பணம் போடுகிறவரோடு பங்கிடப்படுகிறது. பழைய பங்குதாரருக்கு மிஞ்சுவது குறைவு. போதாததற்கு வளர்ச்சியை எல்லோரும் முன்பே விலையில் சேர்த்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 22

கொரியா பற்றிக் கேட்டவருக்கு: எம்எஸ்சிஐ அதை வளரும் சந்தை என்கிறது, இன்னொரு குறியீட்டு நிறுவனமான எஃப்டிஎஸ்இ 2009-லிருந்து வளர்ந்த சந்தை என்கிறது. வளர்ந்த நாடுகளுக்கு எம்எஸ்சிஐ வழி நடக்கும் ஃபண்டும், வளரும் நாடுகளுக்கு எஃப்டிஎஸ்இ வழி நடக்கும் ஃபண்டும் வைத்திருந்தால் உங்களிடம் சாம்சங் ஒரு பங்குகூட இருக்காது. மாற்றி வைத்திருந்தால் இரண்டு முறை இருக்கும். ஃபண்டின் பெயரைப் பார்க்காதீர்கள், எந்தக் குறியீட்டைப் பின்பற்றுகிறது என்ற வரியைப் பாருங்கள். இரண்டையும் ஒரே குடும்பத்தில் எடுத்தால் வேலை முடிந்தது.

பிப்ரவரி 26

வரி. சலிப்பான விஷயம்தான், ஆனால் செலவு விகிதத்தில் தசமப் புள்ளிக்குச் சண்டை போடுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாட்டவருக்குத் தரும் டிவிடெண்டில் அமெரிக்கா 30 சதவீதம் பிடிக்கும். ஒப்பந்தம் உள்ள பல நாட்டவருக்கு 15. சுவிட்சர்லாந்து 35 பிடித்துவிட்டு, ஒப்பந்தப்படி மீதியைத் திரும்பக் கேள் என்கும். திரும்பக் கேட்கும் காகித வேலைக்குப் பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டன், சிங்கப்பூர், ஹாங்காங் சாதாரண டிவிடெண்டில் பிடிப்பதே இல்லை.

அதைவிடப் பெரியது மரண வரி. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் அமெரிக்கப் பங்கை நேரடியாக வைத்திருந்து இறந்தால், 60,000 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 40 சதவீதம் வரை அங்கே வரி உண்டு. அமெரிக்காவில் பதிவான இடிஎஃப்களுக்கும் (பங்குபோல் சந்தையில் கைமாறும் ஃபண்டுகளுக்கும்) இதே கதை. சில நாடுகளோடு இதற்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது, எல்லா நாட்டோடும் இல்லை. உலகெங்கும் பலர் அயர்லாந்தில் பதிவான ஃபண்டுகள் வழியாக அமெரிக்கப் பங்குகளை வாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: ஃபண்ட் அளவில் டிவிடெண்ட் பிடித்தம் 15, மரண வரி வலையிலும் விழாது. உங்கள் சொந்த நாடு அயர்லாந்து ஃபண்டை எப்படி நடத்துகிறது என்பதைத் தனியாகப் பார்த்தாக வேண்டும். அங்கே இதைவிட மோசமான குழி இருக்கலாம்.

மார்ச் 2

“கடைசியில் எவ்வளவு?” என்று மூன்றாவது ஆள் கேட்டுவிட்டார்.

ஃப்ரெஞ்ச், பொடெர்பா என்ற இரு பொருளியலாளர்கள் 1991-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1989 முடிவில் அமெரிக்கர்கள் தங்கள் பங்கு முதலீட்டில் 94 சதவீதத்தை உள்நாட்டில் வைத்திருந்தார்கள், பிரிட்டன்காரர்கள் 82, ஜப்பானியர்கள் 98. ஜப்பானியருக்கு அது எந்த நேரத்து 98 என்று மேலே பார்த்தோம். மறுகோடியில் நார்வேயின் எண்ணெய் நிதி: சொந்த நாட்டுப் பங்கு பூஜ்யம், சட்டமே அப்படி. நாட்டின் வருமானம் ஏற்கெனவே எண்ணெயில் மாட்டியிருக்கிறது, நாட்டின் சேமிப்பையும் அங்கேயே வைப்பதில் அர்த்தமில்லை.

உங்கள் சம்பளம், வீடு, ஓய்வூதியம் எல்லாம் ஒரே நாட்டில் என்றால் நீங்களும் ஒரு சின்ன நார்வேதான். அதே சமயம் செலவும் அந்த நாட்டுப் பணத்தில் என்பதால் பூஜ்யத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன். என்னுடையது: பங்குப் பகுதியில் பாதி உள்நாடு, பாதி முழு உலகக் குறியீடு. பாதி என்பதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் எனக்குத் தூக்கம் கெடாத அளவு அது. வெளிநாட்டுக்கு 30 சதவீதம் என்றாலும் 60 என்றாலும் சண்டைக்கு வர மாட்டேன். 3 என்றால் வருவேன், அது அலங்காரம்.

உலகக் குறியீடு என்றாலும் அதில் பாதிக்கு மேல் அமெரிக்காதான், மறக்க வேண்டாம். 1989-ல் உலகக் குறியீட்டை வாங்கியவருக்கு இதேபோல் ஜப்பான் நிறைய வந்தது. ஆனால் அது சரியச் சரிய அதன் எடையும் தானாகக் குறைந்தது, வளர்ந்தவற்றின் எடை கூடியது. அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 4

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: ஐந்தில் ஒரு பங்கு வெளிநாட்டுக்கு மாற்றப் போகிறாராம், மொத்தமாக இப்போதே மாற்றலாமா என்கிறார்.

இருப்பதை விற்று மாற்றினால் வரி வரும். புதிதாகப் போடும் பணத்தை முழுக்க உலக ஃபண்டுக்குத் திருப்பிவிடுங்கள், ஐந்தில் ஒன்று ஆனதும் பழையபடி பிரித்துப் போடுங்கள். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஐந்து சதவீதப் புள்ளிக்கு மேல் விலகியிருந்தால், பின்தங்கிய பக்கம் புதுப் பணத்தைப் போடுங்கள். பின்தங்கிய பக்கம் எது என்று தெரிந்ததும் அங்கே போட மனம் வராது. அதனால் வங்கியில் இப்போதே தானியங்கி உத்தரவாகக் கொடுத்துவிடுங்கள்.